கூழ்க் குழாயின் கடைசிச் சக்கரம்

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐவரில் ஒருவரையும் அடுத்தவர் வாசலில் நிற்க விடவில்லை. அந்தத் திமிர் அப்போதும் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

நடந்தது எட்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால். பழனிக்குக் கொஞ்சம் தள்ளி, மலை அடிவாரத்தில் இருந்த ஓர் அட்டை மில்லில். நான் பிறந்தது மேலே பூம்பாறைப் பக்கம், பூண்டு விளைகிற ஊர். கட்டிக்கொடுத்தது கீழே. வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த மில்லில் பழைய காகிதம் பிரிக்கிற வேலைக்குப் போனேன். நான் சொல்கிற சமயத்தில் பதினோரு வருடம் முடிந்திருந்தது.

அட்டை எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரியாது. கொடைக்கானல் ஓட்டல்களில் இருந்து காலி அட்டைப்பெட்டி வரும். பழனிக் கடைகளில் இருந்து பஞ்சாமிர்தப் பெட்டி வரும். பள்ளிக்கூட நோட்டு, பரீட்சைப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் லாரியில் வந்து குவியும். நாங்கள் ஆறு பெண்கள் ஷெட்டில் உட்கார்ந்து அதில் இருக்கிற பிளாஸ்டிக், ஒட்டுகிற டேப், பின், சணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நல்லதை மட்டும் தள்ளுவோம். அது பெரிய தொட்டியில் தண்ணீரோடு அரைபட்டுக் கூழாகும். கூழ் குழாயில் ஓடி மெஷினுக்குப் போய், வலையில் பரவி, தண்ணீர் வடிந்து, சூட்டில் காய்ந்து அட்டையாகச் சுருளும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் எழுதுவேன். அது என் மூத்தவன் இரண்டாவது படிக்கும்போது சிலேட்டில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் காகிதத்தை எனக்குத் தெரியும். கிழிக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். நல்ல காகிதம் சர்ரென்று கிழியும். உள்ளே பிளாஸ்டிக் பூசியது வராமல் இழுத்துக்கொண்டு நிற்கும். பெரிய படிப்புப் படித்தவர்களும் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மில்லில் பெண்கள் மெஷின் மேடைக்கு ஏறுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாளில் ஷெட்டோடு சரி. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் மேலே போய்க் கழுவி, துடைத்து, கோலம் போடுவோம். அந்த வருடம்தான் முதல்முறையாக எனக்குப் பின்பக்கம், குழாய்கள் இருக்கிற இடம், வந்தது. துரு பிடித்ததைத் தேய்த்தேன், பித்தளையாக இருந்ததைப் புளி போட்டு விளக்கினேன். மெஷினை ஓட்டுகிற மெஷின்மேன் வந்து பார்த்துவிட்டு, "மதினி, இத்தனை பளபளப்பு உன் மொகத்துல கூட இல்லையே!" என்றார். என் வீட்டுக்காரருக்கு அவர் தம்பி முறை. அதனால் அந்தக் கேலியெல்லாம் உண்டு. "கொழுந்தனாரே, உம்ம தலையவும் கொண்டாரும், வெளக்கிவிட்டுர்றேன்" என்றேன். அவருக்கு வழுக்கை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே சந்தனம், குங்குமம் குழைத்து மெஷின் முழுக்கப் பொட்டு வைத்தார். பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் மெஷின் ஓட்டினார்கள். அன்றில் இருந்தே அட்டை சரியில்லை. ஒரு ஓரம் மெலிசாகவும் மறு ஓரம் கெட்டியாகவும் வந்தது. கெட்டியான பக்கம் காயாமல் ஈரத்தோடு வரும். சுருட்டினால் உருளை கோணிக்கொண்டு நிற்கும். பெட்டி செய்கிறவர்கள் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். நாலு நாள் இப்படியே போனது.

அப்போது ஒரு புது சூப்பர்வைசர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். ஐந்தாவது நாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள், மை டப்பா.

"ஆறு பேரும் இதுல கைநாட்டு வைங்க."

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. ஆபீசுக்கு ஒரு பேப்பர்."

எங்களில் ஒருத்தி எட்டாவது வரை படித்தவள். சின்னவள், என்னைப் பெரியம்மா என்பாள். அவள் தாளை வாங்கி மெதுவாக வாசித்தாள். பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிரிக்காமல் போட்டுவிட்டோம், அது மெஷினில் போய் அடைத்துக்கொண்டது, நஷ்டத்துக்கு நாங்களே பொறுப்பு, எங்களை வேலையில் இருந்து நிறுத்தினாலும் ஆட்சேபம் இல்லை என்று இருந்தது. வாசித்து முடிப்பதற்குள் அவள் குரல் கம்மிவிட்டது. எங்களை அனுப்பிவிட்டு ஒப்பந்தத்துக்கு ஆள் கொண்டுவரப் போகிறார் என்ற பேச்சு முன்னாலேயே காதில் விழுந்ததுதான். அந்த ஆறு பேரில் நான்கு பேர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்.

ஒருத்தி பயந்து போய்ப் பெருவிரலை நீட்டிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"மையத் தூக்கி அங்கிட்டு வைங்க. எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும். இதுல போட மாட்டேன்."

"போடலைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"வர வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியத் தொறந்து காட்டுங்க. நாங்க விட்ட பிளாஸ்டிக் அதுல அடைச்சுக் கெடந்தா நாளைக்கு என்ன, இப்பவே எந்திரிச்சுப் போயிர்றோம்."

பெட்டி என்று நான் சொன்னது மெஷினின் தலைப்பக்கம் இருக்கிற இரும்புப் பெட்டியை. மில்லில் ஹெட்பாக்ஸ் என்பார்கள். கூழ் கடைசியாக அதற்குள் வந்துதான் மெஷின் அகலத்துக்கும் ஒரே சீராக வலையில் விழும். அதில் அடைப்பு என்பதுதான் அவர் வாதம்.

நான் போட்ட சத்தம் மேடை வரை கேட்டிருக்கும். மெஷின்மேன் இறங்கி வந்து, தொறந்துதான் பார்ப்போமே சார் என்றார். எப்படியும் உருளை மாற்ற நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள். ஆயுத பூஜை இல்லாத ஒரு நாளில் நான் முதல்முறையாக அந்தப் படியில் ஏறினேன். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. என் பின்னால் ஐந்து பேரும் ஏறினார்கள்.

பெட்டியைத் திறந்து துழாவினார்கள். ஒரு விரல் நீளத்துக்கு டேப் துண்டு ஒன்று வந்தது. சூப்பர்வைசர் அதை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"இது என்னம்மா?"

"டேப்பு."

"யார் விட்டது?"

"நாங்கதான். மலை மாதிரி குமிச்சுக் கொட்டுறீங்க, ஒரு துண்டு தப்பியிருக்கு. இந்தத் துண்டா இம்புட்டு அகல மெஷின அடைச்சுச்சு? எறும்பு படுத்து ஆத்த மறிச்ச கதையால்ல இருக்கு!"

பின்னால் சிரிப்பு கேட்டது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. கழித்துப் போட்ட அட்டையில் இருந்து குறுக்கே ஒரு பட்டை கிழித்து வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விரல்களுக்கு நடுவே இழுத்தேன். அடைப்பு என்றால் ஓர் இடத்தில் மட்டும் கோடு போல மெலிந்திருக்க வேண்டும். இது அப்படி இல்லை. மெலிசில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போய் மறு ஓரத்தில் கெட்டியாக முடிந்தது.

"கொழுந்தனாரே, கூழு இந்தப் பெட்டிக்குள்ள எங்கிட்டிருந்து வருது?"

சூப்பர்வைசர், இதெல்லாம் உனக்கு எதுக்கு என்றார். மெஷின்மேன் அதைக் காதில் வாங்காமல் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். பதினோரு வருடம் அந்தக் கூழுக்குத் தீனி போட்டவள் நான். பூஜைக்குக் குழாய்களைத் தேய்த்திருந்தாலும், கூழ் எதில் இருந்து எதற்குப் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொட்டியில் இருந்து கெட்டிக் கூழ் முதலில் மேலே ஒரு சின்னப் பெட்டிக்கு ஏறுகிறது. அந்தப் பெட்டி எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். வழிந்தால்தான் மட்டம் மாறாது, மட்டம் மாறாவிட்டால்தான் கீழே இறங்குகிற அளவும் மாறாது. இறங்கிய கூழில் வலைக்கடியில் வடிந்த தண்ணீரையே கலந்து நீர்மோர் போல ஆக்கி, ஒரு பெரிய பம்ப் தள்ளுகிறது. சல்லடையில் வடிகட்டி வந்த பிறகு, மெஷினுக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கிற ஒரு குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாய் கூழ் நுழைகிற பக்கம் பருத்து, போகப் போகச் சிறுத்து, யானைத் தும்பிக்கை மாதிரி இருந்தது. அதன் நெடுகிலும் சின்னச் சின்னக் குழாய்கள் கிளம்பிப் பெட்டிக்குள் போயின.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர்ப் பூண்டுக் காடு கண்ணில் வந்து நின்றது. பூம்பாறையில் வயல் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாய்க்கால், அதில் இருந்து பாத்திக்குப் பாத்தி மடை. வாய்க்காலை முதலில் அகலமாகவும் போகப் போகக் குறுகலாகவும்தான் வெட்டுவோம். வழியில் தண்ணீர் பிரிந்து குறைய, வாய்க்காலும் குறுக வேண்டும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் ஓடைக்குப் போகட்டும் என்று வாயைத் திறந்தே விடுவோம். என் அப்பாவோடு கூடப்பிறந்த ஒருவர், வீணாகப் போகிறதே என்று ஒரு முறை அந்த வாயைச் சேறு வைத்து அடைத்துவிட்டார். போக வழியில்லாத தண்ணீர் கடைசிப் பாத்தியிலேயே முட்டி ஏறி, வரப்பை உடைத்துப் பூண்டைப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இந்தக் கொழா முடியுற எடத்துல மிச்சக் கூழு எங்க போகும்?"

"ரிட்டர்ன் லைன் இருக்கு மதினி. கொஞ்சம் திரும்பிப் போயிக்கிட்டே இருக்கும்."

"தொறந்திருக்கா?"

"அது எப்பவும் பாதி தொறந்தே கெடக்கும். யாரும் தொடமாட்டாங்க."

"பாரும்."

அவர் குனிந்து, குழாயின் சிறுத்த முனையில் அந்த வழியைத் திறந்து மூடுகிற சின்னச் சக்கரத்தில் கை வைத்தார். இறுக மூடியிருந்தது. அவர் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்கும், அவர் பார்க்கவில்லை. அது பித்தளைச் சக்கரம். பொன் மாதிரி மின்னியது.

அந்த மினுமினுப்பு என் கைவேலை. ஆயுத பூஜை அன்று அந்தச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, ஒரு கம்பியைத் தேய்த்துவிட்டு, அடுத்த கம்பி என் பக்கம் வருவதற்காக ஒரு திருப்பு, அதைத் தேய்த்துவிட்டு இன்னொரு திருப்பு என்று, குடத்தைச் சுற்றிச் சுற்றி விளக்குவது போல விளக்கியிருந்தேன். மெஷின் நின்றிருந்ததால் கைக்கு லேசாகச் சுற்றியது. கடைசியில் திரும்பாமல் நின்றதும் நினைவு வந்தது. அதற்குள் விளக்கி முடித்துவிட்டேன் என்று எழுந்து போய்விட்டேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. மெஷின்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கண்ணாடியப் பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே!" என்றார். குறுக்குக் குழாயின் இரண்டு முனையையும் இணைத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டாம். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் அதற்குள் கூழ் அசையாமல் நிற்கும். ஒரு பக்கம் கூடினால் ஓடும். அந்தக் கண்ணாடியின் மேல் பட்டையாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தது. அவரே வைத்தது. பூஜைச் சந்தனம் தானாக உதிர வேண்டும், துடைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நாலு நாளாக அவர் அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தார். மெஷினை ஓடவிட்டார்கள். கண்ணாடிக்குள் நார் நாராகக் கூழ் விரட்டி ஓடியது. அவர் சக்கரத்தை மெல்ல மெல்லத் திறந்தார். ஓட்டம் தளர்ந்தது, தயங்கியது, பிறகு நின்றது. மழை விட்டதும் மேகம் மலையில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றது. கொஞ்ச நேரத்தில் வந்த அட்டையை நான் தொட்டுப் பார்த்தேன். இரு ஓரமும் ஒன்றாக இருந்தது.

எட்டாவது படித்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாம தப்பிச்சோம் பெரியம்மா!" என்றாள்.

ஆனால் சூப்பர்வைசருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. மெஷின்மேன் பக்கம் திரும்பிவிட்டார். "மெஷின் உன் பொறுப்புதானே? வால்வை மூடிட்டு நாலு நாளா வேடிக்கை பார்த்தியா? இன்னைக்கே எழுதி அனுப்புறேன். வீட்டுக்குப் போ."

"சாமி சத்தியமா நான் தொடல சார்."

"நீ தொடாம பேயா வந்து மூடுச்சு?"

மெஷின்மேனுக்கு இரண்டு பெண்கள், கட்டிக்கொடுக்கிற வயசு. என் பின்னால் இருந்த ஒருத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூஜை அன்று அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். என் முதுகில் நறுக்கென்று கிள்ளி, "பேசாம வாக்கா, வெரசா கீழ எறங்கிருவோம்" என்று காதருகே சொன்னாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். நானும் ஒரு எச்சில் விழுங்குகிற நேரம் அப்படித்தான் நினைத்தேன். பிளாஸ்டிக் இல்லை என்று காட்டியாயிற்று. ஆறு பேரும் தப்பித்தாயிற்று. யார் கேட்கப் போகிறார்கள்?

கொஞ்ச நேரம் முன்புதான் செய்யாததை ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டிருந்தேன். இப்போது செய்யாதவர் ஒருவர் தலையில் அது விழுகிறது, செய்தவள் நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"பேயி இல்ல. நான்தான் மூடுனேன்" என்றேன்.

மெஷின் இரைச்சலில் சூப்பர்வைசருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் மறுபடி சொன்னேன். பித்தளையை விளக்கும்போது சுற்றிவிட்டேன், மூடியது தெரியாது என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பழைய தாளை வெளியே எடுத்தார். "அப்புறம் என்ன? அவ்வளவு பேச்சுப் பேசினியே. இப்ப வை கைநாட்டை."

"அதுல பிளாஸ்டிக்குன்னுல்ல எழுதியிருக்கு. ஆறு பேருன்னுல்ல எழுதியிருக்கு. நான் செஞ்சத எழுதுங்க. ஒரு ஆளுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு வேற."

ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது நான் தெரியாமல் வால்வை மூடிவிட்டேன் என்று எழுதினார். எந்தச் சக்கரத்தைத் திருப்பக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதையும் எழுதுங்கள் என்றேன். அது எதுக்கு என்றார் சூப்பர்வைசர். "அப்பப் பேனாவ மூடுங்க" என்றேன். எழுதினார்கள்.

அப்போது மெஷின்மேன் முன்னால் வந்தார். "கண்ணாடியில சந்தனத்தப் பூசி, பார்க்காம விட்டது நான்னு கீழயே ஒரு வரி எழுதுங்க. நானும் போடுறேன்." "கொழுந்தனாரே, உமக்கு எல்லாத்துலயும் பங்கு வேணும்" என்றேன்.

எட்டாவது படித்தவளை முழுதும் வாசிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுவிட்டு, என் பெயரை எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும்.

என்னை எட்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மெஷின்மேனைக் கூப்பிட்டு எச்சரித்துவிட்டு விட்டார்கள். ஒப்பந்த ஆட்கள் வரவில்லை, ஐந்து பேரும் ஷெட்டிலேயே இருந்தார்கள். ஒன்பதாம் நாள் வெள்ளனே எழுந்து, குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மில்லுக்கு நடந்து போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதே சூப்பர்வைசர் ஷெட்டுக்கு வந்தார். "இந்தத் தடவை நீங்க மேல வர வேண்டாம்மா. கீழ கோலம் மட்டும் போடுங்க" என்றார். சரிங்க என்று சொல்லவில்லை. மறுநாள் புளியை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஒரு கையால் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் விளக்கினேன். போன வருடத்தை விட அதிகமாகவே மின்னியது. மெஷின்மேன் கண்ணாடிக் குழாயை மட்டும் விட்டுவிட்டு, பக்கத்துச் சுவரில் சந்தனம் வைத்தார்.

இப்போது வேலைக்குப் போவதில்லை, முழங்கால் விடவில்லை. அன்றைக்கு ஆறு பேருக்காகச் சண்டை போட்டது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை, அது என் குணம். ஒரு எச்சில் விழுங்கிய பிறகு வாயைத் திறந்தேனே, அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்றைக்கு யார் முன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பேச முடிகிறதென்றால் அது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இவ்வளவையும் நான் சொல்ல, பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் கேட்க வேண்டும். எங்கே கண்ணு, மொதல்ல இருந்து வாசி, மெதுவா.